லோகேஸ்வரியும் மூலிகைத் தீர்த்தமும்

லோகேஸ்வரிக்கு யாரையுமே பிடிக்காது என்று கிள்ளானில் பூக்கடை வைத்திருப்பவர்கள் சொல்வார்கள். அது உண்மை இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசுகிறவர்களைத்தான் அவளுக்குப் பிடிக்காது. எங்கள் தொழிலில் அப்படிப்பட்டவர்களைக் கழித்துவிட்டால் மிச்சம் ரொம்பப் பேர் தேறமாட்டார்கள். அதனால் அந்தப் பெயர் அவளுக்கு வந்து ஒட்டிக்கொண்டது.

நான் ஜீவன். மலேசியாவின் கிள்ளான் நகரில் ராயல் கமலம் டெகோ என்ற கல்யாண அலங்காரக் கம்பெனியில் ஏழு வருஷம் லோரி ஓட்டினேன். அதில் மூன்று வருஷம் லோகேஸ்வரியும் அங்கே இருந்தாள். நடந்ததில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பெருமைப்படும்படியான பங்கு இல்லை; அதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

அவள் காப்பாரில் பிறந்தவள். அப்பா அங்கே மின்சார நிலையத்தில் குத்தகைக்காரரிடம் வேலை செய்தார். ஆறாம் படிவம் வரை படித்தாள். பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி பத்தவில்லை. ஷா ஆலத்துக்கு வெளியே ஒரு ஆர்க்கிட் தோட்டத்தில் பூ கட்டி அனுப்பும் பகுதியில் வேலை கிடைத்தது. தவுக்கே என்று நாங்கள் சொல்கிற சீன முதலாளி ஒருவரின் தோட்டம். பூவெல்லாம் விமானத்தில் ஜப்பானுக்குப் போகும். போய்ச் சேரும்போது வாடியிருந்தால் அங்கிருந்து படம் எடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்தப் படங்களின் தொல்லை தாங்காமல் தவுக்கே ஒரு சின்ன அறையை ஒதுக்கி, நாற்பது கண்ணாடிக் குவளைகளை வரிசையாக வைத்தார். ஒரு குவளைக்கு ஒரு தண்டு. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமான கரைசல். தினமும் காலையில் எத்தனை பூ விரிந்திருக்கிறது, எத்தனை மொட்டு மஞ்சளாகியிருக்கிறது, எத்தனை உதிர்ந்திருக்கிறது என்று எழுதி வைப்பது லோகேஸ்வரியின் வேலை. பதினான்கு வருஷம் அதைச் செய்தாள்.

"எல்லாரும் பூ பூக்குறதப் பாப்பாங்க. நான் சாகுறதப் பாத்தவ" என்பாள்.

அவள் எனக்கு விளக்கிச் சொன்னதில் மண்டையில் நின்றதைச் சொல்கிறேன். செடியில் இருந்து வெட்டின பிறகும் பூவுக்கு உயிர் இருக்கிறது. செடி தன் வளர்ச்சிக்கென்று சுரக்கிற ஹார்மோன் என்ற சில பொருள்கள்தான் அதன் வயசைத் தீர்மானிக்கின்றன. ஒன்று இலையையும் இதழையும் இளமையாக வைத்திருக்கும். இன்னொன்று எத்திலீன் என்ற வாயு. பழத்தைப் பழுக்க வைப்பதும் அதுதான், பூவைக் கிழடாக்குவதும் அதுதான். முதல் வகையைக் கடையில் தூளாக வாங்கலாம், பென்சைல் அடினைன் என்று பெயர். ஒரு பெரிய வாளித் தண்ணீருக்குக் கால் கிராம் போதும். சும்மா தண்ணீரில் கரையாது. முதலில் காரத் தூள் (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்தை முறிக்கிற காரம்) ஒரு சிட்டிகை சேர்த்துக் கரைத்து, பிறகுதான் தண்ணீரில் விட வேண்டும். ஆர்க்கிட்டுக்குக் கேட்கும், சாமந்தி இலைக்குக் கேட்கும். ரோஜாவுக்கு அவ்வளவாகப் பிரயோஜனமில்லை. ரோஜா பெரும்பாலும் தண்டுக்குள் அழுக்கு அடைத்துக்கொண்டு சாகிறது. அதற்கு வாளியைக் கழுவினாலே பாதி வேலை முடிந்தது.

தோட்ட நிலத்தை வீடமைப்புக்கு விற்றார்கள். ஆர்க்கிட்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு சாலைகளுக்கெல்லாம் ஆர்க்கிட் வகைகளின் பெயரை வைத்தார்கள். "கொன்னவங்க பேரையும் பலகையில போட்டிருக்கலாம்" என்று லோகேஸ்வரி சொன்னாள். பிறகு வேலை தேடி எங்கள் கம்பெனிக்கு வந்தாள்.

எங்கள் முதலாளி கமலநாதன். கருப்புக் கண்ணாடியும் வெள்ளைச் சட்டையுமாக இருப்பார். பூ வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர். எதைக் கேட்டாலும் தெரியாது என்ற சொல் அவர் வாயில் வராது; பேச்சின் கடைசியில் இங்கத்துப் பழக்கமாக ஒரு 'லா' மட்டும் வரும். பூ வாடாமல் இருக்க அவர் வைத்திருந்த முறை இது: தண்ணீரில் சீனி, இரண்டு தலைவலி மாத்திரை, கொஞ்சம் எலுமிச்சைச் சோடா, அடியில் பழைய காசு ஒன்று.

முதல் நாளே லோகேஸ்வரி அந்த வாளியைக் குனிந்து பார்த்தாள். "இதுல பூ வெக்கிறீங்களா, விருந்தாளிக்குக் கலக்கிக் குடுக்குறீங்களா?" என்றாள்.

நாங்கள் சிரித்தோம். கமலநாதன் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் அவளே ஒரு சின்னப் பொட்டலமும், நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற தராசும் கொண்டுவந்தாள். எங்கள் குளிர் அறையில் வாளிகளைத் தேய்த்துக் கழுவினாள். ஒரே நாளில் வந்த ஆர்க்கிட்டில் பாதியைச் சீனித் தண்ணீரிலும் பாதியைத் தன் கரைசலிலும் வைத்தாள். ஆறாவது நாள் சீனித் தண்ணீர் வாளி நாறியது, பூக்கள் தலை தொங்கிவிட்டன. அவள் வாளியில் இருந்தவை பதினோராம் நாள் வரை நிமிர்ந்து நின்றன. சாமந்தியின் இலை கீரை மாதிரி பச்சையாக இருந்தது.

கமலநாதன் வந்து பார்த்தார். வாளியைச் சுற்றி நடந்தார். மறுநாள் அச்சகத்தில் இருந்து ஒரு கட்டு லேபிள் வந்து இறங்கியது. தாடி வைத்த முனிவர் படம். அடியில், 'ராயல் கமலம் மூலிகைத் தீர்த்தம் – பதினெட்டு அரிய மூலிகைகள்.' பச்சை நிறத்துக்குப் பாண்டான் இலைச் சாறு ஊற்றச் சொன்னார்.

"பாஸ், இதுல மூலிகை எங்க இருக்கு?" என்று லோகேஸ்வரி கேட்டாள்.

"ஜனங்களுக்கு கெமிக்கல்னா பயம் லா. சாமிக்குப் போற பூ. மூலிகைன்னாதான் தொடுவாங்க."

"சரி, பதினெட்டுல ஒண்ணு சொல்லுங்க."

"துளசி."

"ரெண்டாவது?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "துளசி வேர்" என்றார்.

அவள் அன்று முழுவதும் வேலை செய்யும்போது தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் வேலையை விடவில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "வாளி நல்லா இருக்குண்ணே. வாளி மேல ஒட்டுன பேப்பர்தான் பொய்" என்றாள். அவளுக்குப் பூ நின்றால் போதும். அந்த வகையில் அவள் ஏமாளி என்றுகூடச் சொல்லலாம்.

இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. கமலநாதன் தீர்த்தத்தைப் போத்தலில் அடைத்து விற்கவும் தொடங்கினார். பத்துமலை தைப்பூசத்துக்குக் காவடிப் பூ கட்டுகிறவர்கள்வரை வாங்கிப் போனார்கள். சங்கத்தில் ஒரு கருத்தரங்கு வைத்து, மேடையில் ஏறி நாற்பது நிமிடம் பேசினார். முன்னோர்கள், அறிவியல், ஆற்றல், அதிர்வு எல்லாம் வந்தது. பூ மட்டும் வரவில்லை.

பேச்சு முடிந்ததும் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கும் நல்லம்மாள் அக்கா எழுந்து நின்றார். அறுபது வயதுக்காரர், நேராகப் பேசுகிறவர். "தலைவரே, நான் நாள் முழுக்க இந்தத் தண்ணியில கைய வெக்கிறேன். உள்ள என்னதான் இருக்கு? கைக்கு ஏதாச்சும் ஆகுமா?"

கமலநாதன் பெருந்தன்மையாகப் பின்வரிசையைக் காட்டினார். "நம்ம லேப் ஸ்டாஃப் இருக்காங்க. லோகேஸ், எந்திரிச்சு அக்காவுக்குச் சொல்லு."

அவர் எதிர்பார்த்தது ஒரு கும்பிடும் இரண்டு வரிப் புகழ்ச்சியும். லோகேஸ்வரி எழுந்தாள். பென்சைல் அடினைன் என்று பெயரைச் சொன்னாள். வாளிக்கு எவ்வளவு என்று சொன்னாள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், கண்ணில் படாமல் பாருங்கள், சாப்பிடுகிற பூவுக்கோ பிரசாதத்துக்கோ வேண்டாம், ரோஜாவுக்கு வீணாக்காதீர்கள் என்று சொன்னாள். இரண்டே நிமிடம். உட்கார்ந்துவிட்டாள்.

நல்லம்மாள் அக்கா மறுபடி எழுந்தார். "அப்ப அந்தப் பதினெட்டு மூலிகை?"

"பாண்டான் இருக்கு அக்கா. கலருக்கு" என்றாள் லோகேஸ்வரி.

சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆனது. கமலநாதனும் சேர்ந்து சிரித்தார். அடுத்த திங்கட்கிழமை லோகேஸ்வரியை மாலை கட்டும் மேசைக்கு மாற்றினார். இனிமேல் குளிர் அறைப் பக்கம் வரக்கூடாது, தீர்த்தம் தயாரிப்பதைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவளுடைய தராசைத் திருப்பிக் கொடுத்தார். மீதியிருந்த தூளை மட்டும் வைத்துக்கொண்டார். அது ஒரு மாதத்தில் தீர்ந்துபோனது.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய கல்யாணம் வந்தது. அழகம்மை ஆச்சியின் மகள் வைஷ்ணவிக்கு ஷா ஆலத்தில் ஒரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், அதே மண்டபத்தில் செவ்வாய்க்கிழமை வரவேற்பு. மணவறை மேலே வெள்ளையும் ஊதாவுமாக மூவாயிரம் ஆர்க்கிட் தண்டு தலைகீழாகத் தொங்க வேண்டும். மூன்று நாளும் ஒரு பூ வாடக்கூடாது. "எங்க வீட்டு விசேஷத்துல வாடுன பூவ யாரும் பாத்ததில்ல" என்றார் ஆச்சி. பூவுக்கும் அது தெரிந்திருக்கும் என்று அவர் நம்பின மாதிரி இருந்தது.

கமலநாதனுக்குத் தூள் வேண்டும். பெயர் சரியாகத் தெரியாது. லோகேஸ்வரியிடம் கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார். "ஜீவன், விவசாயக் கடைக்குப் போ. வளர்ச்சி ஹார்மோன்னு கேட்டு வாங்கிட்டு வா. பெரிசா வாங்கு."

எனக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போனேன். கடைக்காரர் மலாய்க்காரர். ஹார்மோன் என்றதும், எதற்கு என்று கேட்டார். நான் "புங்கா" என்றேன். மலாயில் பூ என்று அர்த்தம். அவர் "பூக்க வைக்கவா?" என்று கேட்டதும் நான் "ஆமா, ஆமா, புங்கா" என்று தலையாட்டினேன். உள்ளே போய் ஐந்து லிட்டர் கேன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். லேபிளில் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து என்று மலாயில் பெரிதாகப் போட்டிருந்தது. அதற்குக் கீழே இருந்த சின்ன எழுத்தை நான் படிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கமலநாதன் குளிர் அறையில் வாளிகளை வரிசையாக வைத்துக் கேனைத் திறந்தார். அளவு கண்ணளவுதான். லோகேஸ்வரி காரத் தூள் போடுவதைப் பார்த்திருந்ததால் அலமாரியில் இருந்த அந்தத் தூளையும் எடுத்து ஒவ்வொரு வாளியிலும் கை நிறையப் போட்டார். வாளி புஸ்ஸென்று நுரைத்தது.

"பாத்தியா பவர்!" என்றார் என்னிடம். மூவாயிரம் ஆர்க்கிட்டையும் அதில் நிறுத்திவிட்டு, கதவை இறுக்கிச் சாத்தினார்.

சனிக்கிழமை காலை லோகேஸ்வரி மாலை கட்ட வந்தாள். குளிர் அறைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க அந்தக் கேனை யாரோ வைத்திருந்தார்கள். குனிந்து லேபிளைப் படித்தாள். திரும்ப ஒரு தடவை படித்தாள்.

"அண்ணே, இத யாரு வாங்குனது?"

"நான்தான் லோகா."

"கடையில என்னான்னு கேட்டீங்க?"

சொன்னேன். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். சிரிக்கப் போகிறாளா அழப் போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. "இது எத்தெபோன் அண்ணே. அன்னாசிச் செடிய ஒரே நேரத்துல பூக்க வெக்க ஊத்துவாங்க. ரப்பர் மரத்துல பால் கூடுதலா வர பட்டையில தடவுவாங்க. பழத்தப் பழுக்க வெப்பாங்க. இதுல இருந்து வர்றது எத்திலீன். பதினாலு வருஷம் நான் எந்த வாயு பூ பக்கத்துல வரக்கூடாதுன்னு காவல் காத்தேனோ, அதே வாயு. காரத்த வேற போட்டா மொத்தமும் ஒரே மூச்சுல வெளிய வந்துரும். மூடுன ரூம்ல!"

அவள் நேராகக் கமலநாதனிடம் போனாள். நானும் பின்னால் போனேன்.

"பாஸ், எல்லாத்தையும் வெளிய எடுத்துக் கொட்டுங்க. இன்னும் நேரம் இருக்கு. நாலு மொத்த வியாபாரிக்குப் போன் போட்டா சாயங்காலத்துக்குள்ள புதுப் பூ வந்துரும். நானே கூட நின்னு ஏத்துறேன்."

கமலநாதன் குளிர் அறையைத் திறந்து காட்டினார். பூக்கள் நன்றாகத்தான் இருந்தன. "பாரு. எவ்ளோ பிரெஷ்ஷா இருக்கு."

"குளிர்ல தெரியாது. வெளிய வந்தா நாளைக்குத் தெரியும்."

"நீ சொல்றது ஒரு ஹார்மோன், இது ஒரு ஹார்மோன். ஹார்மோன் ஹார்மோன்தானே லா?"

"பாலும் பாலிடாலும் ஒரே மாதிரிதான் பாஸ் வெள்ளையா இருக்கும்" என்றாள். பாலிடால் என்பது அந்தக் காலத்துப் பூச்சி மருந்து.

அவர் முகம் சிவந்தது. "உனக்குப் பொறாமை. நீ இல்லாம நான் செஞ்சுட்டேன்னு பொறாமை. போய் மாலையக் கட்டு."

அவள் வெளியே வந்து அழகம்மை ஆச்சிக்குப் போன் செய்தாள். நான் பக்கத்தில் நின்றேன். ஆச்சியின் குரல் எனக்கும் கேட்டது. "நீ யாரும்மா? மாலை கட்டுற பொண்ணா? உங்க பாஸ் ஏற்கனவே சொல்லிட்டாரு, ஒரு ஸ்டாஃப் தனக்கு எதிரா வேலை செய்யுதுன்னு. இந்த ஆர்டர வேற கம்பெனிக்குத் தள்ளிவிட எவ்ளோ கமிஷன் பேசியிருக்க?" என்று கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார்.

லோகேஸ்வரி கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். "மூவாயிரம் தண்டும் உதிரட்டும். நல்லா உதிரட்டும்" என்றாள். சொல்லிவிட்டு மாலை மேசையில் உட்கார்ந்து மணப்பெண் மாலையைக் கட்டி முடித்தாள். கட்டி முடித்ததும் அதைக் குளிர் அறையில் வைக்கவில்லை. மணமக்கள் மாலை இரண்டையும் தன் காரில் வைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய், படுக்கையறையில் ஏர்கோன் போட்டுத் தொங்கவிட்டாள். அவளும் அவள் கணவர் சபாபதியும் கூடத்தில் படுத்துக்கொண்டார்கள். "அந்தக் கல்யாணப் பொண்ணு என்னண்ணே செஞ்சிச்சு" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபம் நிரம்பியிருந்தது. நான் பக்கவாட்டுக் கதவருகே நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். மொட்டுகள் மஞ்சளாகிவிட்டிருந்தன. விரிந்த பூக்கள் நனைந்த காகிதம் மாதிரி மெலிந்து தெரிந்தன. குருக்கள் மந்திரம் சொல்லத் தொடங்கியபோது முதல் பூ விழுந்தது. அவர் தோளில். அவர் தட்டிவிட்டார். இரண்டாவது நெய்க்கிண்ணத்தில். மூன்றாவது மாப்பிள்ளையின் தலைப்பாகையில். பிறகு மேளக்காரர்கள் கெட்டிமேளத்துக்கு ஆயத்தமாகி ஒரு அடி அடித்துப் பார்த்தார்கள். அந்த அதிர்வே போதுமாக இருந்தது. கொட்டியது. நூறு நூறாக, மெத்து மெத்தென்று மணவறை முழுவதும் கொட்டியது. ஓமகுண்டத்தில் விழுந்தவை புகைந்தன. குருக்கள் ஒரு கையால் மந்திரப் புத்தகத்தை மூடிக்கொண்டு மறுகையால் நெய்யில் இருந்து பூப் பொறுக்கினார்.

ஆச்சி எழுந்து கமலநாதனைத் தேடினார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். இன்றோடு இந்த ஆள் தொலைந்தான் என்று நினைத்தேன். கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

கமலநாதன் மைக்கைப் பிடித்தார். "பெரியோர்களே! தேவர்கள் வாழ்த்தும்போது பூமாரி பொழியும்னு கேட்டிருக்கோம். இன்னைக்கு நேர்ல பாக்குறோம். எங்க ராயல் கமலத்தோட மூலிகை சக்தியில, முகூர்த்த நேரத்துல தானா உதிரும் பூமாரி! கையக் குவிச்சு வணங்குங்க!"

முன்வரிசையில் இருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கைகளைக் கூப்பினார். பக்கத்தில் இருந்தவர் கூப்பினார். அப்புறம் மண்டபமே கூப்பியது. ஆறு பேர் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். "ஆச்சி, நீங்க குடுத்து வெச்சவங்க" என்று யாரோ சொன்னார்கள். ஆச்சியின் முகம் நான் பார்க்கப் பார்க்க மாறியது. தலைமுடியில் ஒட்டியிருந்த அழுகல் பூவை எடுக்கக் கை தூக்கியவர், எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டார்.

லோகேஸ்வரி மாலைகளைக் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் கட்டிய மாலைகள் மட்டும் அந்த மணவறையில் உயிரோடு இருந்தன. அவற்றை யாரும் பார்க்கவில்லை. அவள் வெளியே போய்க் காரில் ஏறினாள். மறுநாள் வேலைக்கு வரவில்லை.

அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. ஒரே வாரத்தில் பூமாரி வேண்டும் என்று ஒன்பது பேர் போன் செய்தார்கள். செவ்வாய்க்கிழமை வரவேற்புக்குப் புதுப் பூ மாற்றிக் கொடுத்ததைப் பற்றிக் கமலநாதன் யாரிடமும் மூச்சுவிடவில்லை. அடுத்த வியாழக்கிழமை என்னை அழைத்துக்கொண்டு லோகேஸ்வரி வீட்டுக்குப் போனார். கையில் பழத்தட்டு. சபாபதி துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். எங்களை உட்காரச் சொன்னார்.

"லோகேஸ், நடந்தது நடந்துபோச்சு. இப்ப ஒரு புது சான்ஸ் வந்திருக்கு. பூ கரெக்டா தாலி கட்டுற நேரத்துக்கு உதிரணும். முன்னாடி விழக்கூடாது, பின்னாடி விழக்கூடாது. டைம் செட் பண்ண உன்னாலதான் முடியும். சம்பளம் நீ கேக்குறது."

அவள் முதலில் சிரித்தாள். நன்றாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

"பாஸ், ஒரு பூ ரெண்டு நாள் கூட நிக்கணும்னு நான் என் இருபது வயசுல இருந்து வேலை செய்யிறேன். அது எத்தன மணிக்குச் சாகணும்னு கணக்குப் போட என்னையக் கூப்பிடுறீங்க."

"ஜனங்க அதத்தான் விரும்புறாங்க லா."

"ஜனங்க அழுகுன பூவக் கும்பிட்டாங்க. நீங்க மைக்ல சொன்னதால கும்பிட்டாங்க. நாளைக்கு வாழைப்பழத் தோலத் தூக்கிப் போட்டு மைக்ல பேசுனாலும் கும்பிடுவாங்க. அதுக்கு நான் எதுக்கு?" பழத்தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். "இதையும் எடுத்துட்டுப் போங்க. உள்ள பூ வெச்சிருக்கேன்."

அவர் தானே செய்து பார்த்தார். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கல்யாணம். இரண்டாயிரம் தண்டு. நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். மண்டபத்துப் பின்வாசலில் நிறுத்தி லோரிக் கதவைத் திறந்தால், தண்டெல்லாம் மொட்டையாக நிற்கிறது. பூ முழுவதும் தரையில் கணுக்கால் ஆழத்துக்குக் கிடந்தது. நான் குழியில் வேகமாக விட்டதால்தான் என்று கமலநாதன் பெண் வீட்டாரிடம் சொன்னார். அன்றைக்கே எனக்கு வேலை போனது. ஏழு வருஷத்தில் அவர் எனக்குச் செய்த ஒரே நல்ல காரியம் என்று இப்போது நினைக்கிறேன். அவர் இப்போது துணிப்பூவுக்கு மாறிவிட்டார். சுற்றுச்சூழலைக் காப்பது எப்படி என்று மேடைகளில் பேசுகிறாராம்.

லோகேஸ்வரி இரண்டு மாதம் வீட்டில் இருந்தாள். நல்லம்மாள் அக்காதான் அவளைத் தேடிப் பிடித்தார். பிரிக்பீல்ட்ஸில் தன் கடைக்குப் பின்னால் சும்மா கிடந்த அறையைக் கொடுத்தார். லோகேஸ்வரி அதில் ஒரு பழைய குளிர்பெட்டியும் பத்து வாளிகளும் வைத்துக்கொண்டாள். ஷா ஆலம் தாண்டி இருந்த வேறொரு தோட்டத்தில் இருந்து ஆர்க்கிட்டும் சாமந்தியும் வாங்கி, மருந்துத் தண்ணீரில் நிறுத்தி, மறுநாள் காலை கடைகளுக்குக் கொடுப்பாள். நான் பழைய வேன் ஒன்று வாங்கி அவளுக்கு ஓட்டினேன். வாளிகளின் மேல் என்ன மருந்து, எவ்வளவு என்று அவளே மார்க்கரில் எழுதி ஒட்டினாள். அதைப் படித்துவிட்டு முதல் வாரம் இரண்டு பேர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். வள்ளியம்மா என்ற கடைக்காரர் மட்டும், "மூலிகை போட்டது ஒரு வாளி தனியா செஞ்சு குடேன், எனக்கு மட்டும்" என்று ரகசியமாகக் கேட்டார். லோகேஸ்வரி அவரைத் திட்டின திட்டு தெருமுனை வரை கேட்டது. அவர் இப்போதும் அவளிடம்தான் வாங்குகிறார். ஆறு கடைகள், மலர்வளையம் செய்கிற ஒருவர், ஒரு தேவாலயம் என்று வாடிக்கை நின்றது. பணக்காரி ஆகவில்லை. பூ நின்றது.

போன ஜூலையில் ஒருநாள் காலை அறையைத் திறந்தால் இருநூறு ஆர்க்கிட்டும் தலை தொங்கிக் கிடந்தன. ஏதோ வாடை அடித்தது, தெருவில் இருந்து வருகிறது என்று விட்டுவிட்டு நான் மருந்தை மோந்து பார்த்தேன். அவள் தராசைச் சரி பார்த்தாள். அப்புறம் மூலையில் சாக்கு மூடியிருந்த கூடை ஒன்றைக் கண்டாள். சாக்கைத் தூக்கியதும் அறை முழுவதும் வாடை. டுரியான். எட்டுப் பழம். முந்தின நாள் சாயங்காலம் சபாபதி நண்பர்களுக்கென்று வாங்கி, அவளைக் கேட்டுத்தான் அங்கே வைத்திருக்கிறார். ஜலதோஷம் பிடித்து மூக்கடைத்திருந்தவள், போனில் யாரிடமோ விலை பேசிக்கொண்டே தலையாட்டியிருக்கிறாள். பழுத்த டுரியான் அந்த எத்திலீன் வாயுவைத் தாராளமாக விடும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

அவள் வாளிகளுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். "நாலு பேருகிட்ட வாய் கிழியப் பேசுனவ நான்" என்றாள்.

எட்டு மணிக்கு எழுந்து ஒவ்வொரு கடையாக நடந்தாள். நானும் கூடப் போனேன். "இன்னைக்கு ஆர்க்கிட் இல்லக்கா. நான்தான் டுரியானப் பக்கத்துல வெக்க விட்டுட்டேன். என் தப்பு" என்று ஆறு கடையிலும் ஒரே மாதிரி சொன்னாள். சிலர் சிரித்தார்கள். வள்ளியம்மா கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தார், தெருவில் போகிறவர்களையும் கூப்பிட்டுச் சொன்னார். லோகேஸ்வரி நின்று கேட்டுக்கொண்டாள். முகம் சிவந்திருந்தது, ஆனால் நகரவில்லை. அவர் சிரித்து முடித்த பிறகுதான் அடுத்த கடைக்குப் போனாள்.

பிறகு இருவரும் வேனில் ஏறித் தோட்டத்துக்குப் புறப்பட்டோம். வழியெல்லாம் சபாபதியைத் திட்டினாள், டுரியான் விற்றவனைத் திட்டினாள், தன் மூக்கைத் திட்டினாள். பெடரல் ஹைவேயில் நெரிசல் தொடங்கியதும் இடது பக்கம் ஒதுங்காததற்காக என்னைத் திட்ட ஆரம்பித்தாள். ஷா ஆலம் வருவதற்குள் தோட்டக்காரருக்குப் போன் செய்து, வெள்ளை இருநூறு வேண்டும், அரைமணி நேரத்தில் வருகிறோம், அதுவரை வெட்டாமல் செடியிலேயே விட்டு வையுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.